இலவச இடம், கட்டண இடம் (1993-2002)

தனியார் தொழிற்கல்விக் கல்லூரிகளின் இடங்களில் பாதியை அரசுக் கட்டணத்துக்கும் மறுபாதியை அதைவிடக் கூடுதலான கட்டணத்துக்கும் ஒதுக்கிய முறை, 1993 முதல் 2002 வரை இந்தியாவில் நடைமுறையில் இருந்தது. மாணவர்கள் இவற்றை ஃப்ரீ சீட், பேமெண்ட் சீட் என்றே அழைத்தனர். ஒரு மாணவரின் படிப்புச் செலவை உடன் படிக்கும் இன்னொருவரின் குடும்பத்திடமிருந்து பெறுவதே இதன் அடிப்படை.

பின்னணி

1980-களின் தொடக்கம் வரை தொழிற்கல்வியில் பெரிய தடை பணம் அல்ல, இடம். அரசுக் கல்லூரிகளிலும் உதவிபெறும் கல்லூரிகளிலும் கட்டணம் குறைவு, இடங்களும் குறைவு. எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1984-ல் தமிழகத்தில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் அனுமதிக்கப்பட்டன. மானியம் கிடையாது என்பதால் கட்டடம், ஆய்வகம், ஆசிரியர் சம்பளம் அனைத்தும் மாணவர் தரும் பணத்திலிருந்தே வந்தாக வேண்டும். சேர்க்கையின்போது கட்டணத்துக்கு மேல் வாங்கிய பெருந்தொகைக்கு 'நன்கொடை' என்று பெயர் வைத்தார்கள். விரும்பிக் கொடுப்பது என்ற பொருளை அந்தச் சொல் அப்போதே இழந்துவிட்டது.

கர்நாடகத்தில் இவ்வழக்கம் இன்னும் பழையது. அம்மாநில அரசு 1989-ல் வெளியிட்ட ஆணைப்படி, தனியார் மருத்துவக் கல்லூரியில் அரசு இடத்துக்கு ஆண்டுக்கு 2,000 ரூபாய். அவ்விடம் கிடைக்காத கர்நாடக மாணவருக்கு 25,000 வரை. வெளிமாநிலத்தவருக்கு 60,000 வரை. இதை எதிர்த்த மோகினி ஜெயின் வழக்கில், நன்கொடை வசூல் சட்டவிரோதம் என்று 1992-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழகமும் அதே ஆண்டில் நன்கொடைத் தடைச் சட்டம் கொண்டுவந்தது.

பாதிக்குப் பாதி

தனியார் கல்லூரிகள் மீண்டும் நீதிமன்றம் சென்றன. 1993 பிப்ரவரியில் உன்னிகிருஷ்ணன் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்புடன் ஒரு திட்டத்தையும் வகுத்துத் தந்தது. இரு வகை இடங்களையும் மதிப்பெண் தரவரிசைப்படியே நிரப்ப வேண்டும். முன்வரிசையில் இருப்பவர் அரசுக் கட்டணத்தில் படிப்பார். அடுத்து வருபவர் தன் செலவையும் முன்னவர் செலவில் ஒரு பங்கையும் சேர்த்துக் கட்டுவார். கட்டண இடத்தின் உச்சவரம்பை அரசுக் குழு முடிவு செய்யும்.

தாளில் இது நியாயமாகவே தெரிந்தது. ஆனால் மதிப்பெண் யாருக்கு வந்தது? தமிழகத்தில் அப்போது பிளஸ் டூ மதிப்பெண்ணுடன் நுழைவுத்தேர்வும் உண்டு. பயிற்சி மையத்துக்குப் பணம் கட்ட முடிந்த நகரத்து மாணவர் வரிசையில் முந்தினார். நிலத்தை விற்றோ நகையை அடகு வைத்தோ பணம் புரட்டிய கிராமத்துத் தகப்பன், அந்த நகரத்து மாணவரின் ஆய்வகச் செலவையும் சேர்த்துச் சுமந்தார். வசதி உள்ளவர் இல்லாதவருக்காகக் கொடுப்பார் என்று நினைத்துப் போட்ட கணக்கு இப்படித் தலைகீழாகியது.

டி.எம்.ஏ. பை அறக்கட்டளை வழக்கில் 2002 அக்டோபர் 31 அன்று பதினொரு நீதிபதிகள் அமர்வு இதையே சுட்டிக்காட்டியது. ஒரு குடிமகனை இன்னொருவரின் படிப்புக்குப் பணம் கட்டச் செய்வது பொருந்தாது என்று கூறித் திட்டத்தை நீக்கியது. நோய் சரியாகவே கண்டறியப்பட்டது. மருந்து மட்டும் வேறு திசையில் போனது. இலவச இடம் என்ற வகையே இல்லாமல் போய், எல்லோரும் தத்தம் செலவைக் கட்ட வேண்டியதாயிற்று. கட்டணத்தைக் கண்காணிக்க ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் குழுக்கள் அமைக்குமாறு 2003-ல் இன்னொரு தீர்ப்பு வந்தது.

கடனும் சலுகையும்

வெற்றிடத்தை வங்கி நிரப்பியது. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டம் 2001-லேயே தயாராக இருந்தது. 4 லட்சம் வரை சொத்துப் பிணை தேவையில்லை. பெற்றோர் கூட்டாகக் கையெழுத்திட வேண்டும். படிப்பு முடிந்து ஓராண்டில், அல்லது வேலை கிடைத்து ஆறு மாதத்தில் தவணை தொடங்கும். வேலை கிடைக்காவிட்டாலும் ஓராண்டு முடிந்துவிடும், வட்டி நிற்காது. ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் உள்ள குடும்பங்களுக்கு, தவணை தொடங்கும்வரையிலான வட்டியை 2009-10 முதல் மத்திய அரசு ஏற்றது. அதற்கு முன் கடன் வாங்கியவர்கள் விடுபட்டனர். அவர்களில் சுமார் 9 லட்சம் பேரின் நிலுவை வட்டிக்கு 2,600 கோடி ரூபாய் தேவைப்படும் என்று 2014 இடைக்கால பட்ஜெட்டில் ப. சிதம்பரம் அறிவித்தார்.

தமிழக அரசு 2010-11-ல் முதல் பட்டதாரி கல்விக் கட்டணச் சலுகையைத் தொடங்கியது. 2021-ல் பொறியியல் உள்ளிட்ட படிப்புகளில் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேரும் அரசுப் பள்ளி மாணவர்களின் கல்வி, விடுதிக் கட்டணங்களை முழுவதும் ஏற்றது. முதல் பட்டதாரிச் சலுகை கலந்தாய்வு வழிச் சேர்ந்தவருக்கு மட்டும். நிர்வாக ஒதுக்கீட்டுக்கு இல்லை. ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான் அது உண்டு. அக்காள் அந்தச் சான்றிதழில் படித்திருந்தால், தம்பிக்கு மீண்டும் வங்கிதான்.