இத்தாலிக்காரர் போட்ட தமிழ் வாய்ப்பாடு

மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிளில் நடைபாதை ஓரம் பழைய புத்தகக் கடைகள் வரிசையாக இருந்த காலம். சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்ததும் நான் நேராக அங்கேதான் போவேன். அப்படி ஒரு நாள் முப்பது ரூபாய்க்கு வாங்கியது ஓர் இத்தாலிய மொழிப் பாடப் புத்தகம். எதற்கு வாங்கினேன் என்று கேட்டால் பதில் கிடையாது. அட்டை நன்றாக இருந்தது, விலை குறைவு, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்த நாளிலிருந்து பரணில் கிடந்தது.

போன மழைக்காலத்தில் அதைத் தேடி எடுக்க வேண்டி வந்தது. காரணம் என் மகள்.

அவள் பிறந்தது, வளர்வது எல்லாம் செம்பூரில். ஒரு நாள் கைதவறிக் கண்ணாடி டம்ளரைக் கீழே போட்டுவிட்டாள். அந்த நேரம் பார்த்து திருநெல்வேலியிலிருந்து என் அம்மாவின் ஃபோன். இவள் எடுத்து, "ஆச்சி, நான் உடைஞ்சுட்டேன்" என்றாள்.

அந்தப் பக்கம் அம்மா பதறிப்போய், "என்னட்டி சொல்லுத? யாரு ஒன்ன என்ன சொன்னா?" என்று கேட்க, விஷயம் புரிந்ததும் வீட்டில் எல்லோரும் சிரித்தோம். நானும்தான். நான் செய்த தப்பு அது. அதற்குப் பிறகு ஆச்சியிடம் ஃபோனைக் கொடுத்தால் "நல்லா இருக்கேன்" என்று சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். அந்த இரண்டு சொல்லில் தப்பு வராது என்று அவளுக்குத் தெரியும்.

இரண்டு வாரம் கழித்து அவளே கேட்டாள். "அப்பா, ஃபிரெஞ்சுக்கு ஸ்கூல்ல வெர்ப் டேபிள் கொடுத்திருக்காங்க. தமிழுக்கு டேபிள் இல்லையா?"

பி.காம். படித்தவனுக்குக் கட்டம் என்றால் உடனே புரியும். பரண் ஏறினேன்.

இத்தாலியப் புத்தகத்தில் முதல் கட்டமே 'பர்லாரே'. பேசுதல் என்று அர்த்தம். நான் பேசுகிறேன் என்பதற்கு பர்லோ. நீ என்றால் பர்லி, அவன் அல்லது அவள் என்றால் பர்லா, நாம் என்றால் பர்லியாமோ, நீங்கள் என்றால் பர்லாத்தே, அவர்கள் என்றால் பார்லனோ. நான், நீ என்று தனியாகச் சொல்லக்கூட வேண்டாம், வினையின் வாலே ஆளைக் காட்டிவிடும். நம் 'பேசுகிறேன்' மாதிரியேதான்.

பேசினேன் என்றால் பர்லாய், பேசுவேன் என்றால் பர்லெரோ. இதோடு நின்றால் பரவாயில்லை. உள்ளதை உள்ளபடி சொல்லும் பாங்குக்கு மட்டும் எட்டுக் காலங்கள். பேச வேண்டும் என்ற விருப்பத்துக்கும் ஐயத்துக்கும் ஒரு பாங்கு, 'முடிந்தால் பேசுவேன்' என்ற நிபந்தனைக்கு ஒரு பாங்கு, கட்டளைக்கு ஒன்று. தலை சுற்றும். ஆனால் ஒரு சௌகரியம் உண்டு. வினைகள் 'ஆரே', 'ஏரே', 'ஈரே' என்று முடியும் மூன்று குடும்பங்கள். ஒழுங்கான வினையாக இருந்தால் வாலை வெட்டிவிட்டுக் கட்டத்தில் உள்ள வாலை ஒட்டினால் போதும். ஒரு பர்லாரேயை மனப்பாடம் செய்தவனுக்கு நூற்றுக்கணக்கான வினைகள் கைக்கு வந்துவிடும்.

இந்த மாதிரி ஒரு கட்டத்தில் தமிழை யார் போட்டுப் பார்த்தார்கள் என்று தேடினேன். விடை சுவாரசியமானது.

முத்துக்குளித்துறைக்கு 1547-ல் வந்த போர்ச்சுக்கீசியப் பாதிரியார் என்ரிக்கே என்ரிக்கஸ், 1549 வாக்கிலேயே தமிழுக்கு ஓர் இலக்கணம் எழுதினார். ஐரோப்பியர் எழுதிய தமிழ் இலக்கணங்களில் நமக்குக் கிடைத்திருப்பதில் அதுதான் பழையது. 1578-ல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற தமிழ்ப் புத்தகத்தை அச்சில் கொண்டு வந்தவரும் இவரே. லத்தீன் மொழிக்குப் பள்ளிக்கூடத்தில் போட்ட அதே கட்டத்தைத்தான் தமிழ் வினைகளுக்கும் போட்டார். அவருக்கு வேறு வழி இருக்கவில்லை.

அடுத்து வருகிறார் நம் இத்தாலிக்காரர். கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி என்று சொன்னால் யோசிப்பீர்கள், வீரமாமுனிவர் என்றால் எல்லோருக்கும் தெரியும். 1680-ல் வட இத்தாலியில் காஸ்திலியோனே என்ற ஊரில் பிறந்து, 1710-ல் இந்தியாவுக்கு வந்தார். தேம்பாவணி எழுதினார், சதுரகராதி தொகுத்தார். இதெல்லாம் பள்ளிப் பாடத்தில் படித்ததுதான். 'பேசு' என்று எழுதும்போது நாம் போடும் இரட்டைச் சுழிக் கொம்பும் அவர் செய்த சீர்திருத்தம்தான்.

அவ்வளவாகப் பேசப்படாத விஷயம் ஒன்று உண்டு. செந்தமிழுக்கு ஓர் இலக்கணம், மக்கள் வழக்கில் பேசும் தமிழுக்கு வேறோர் இலக்கணம் என்று அவர் தனித்தனியாக எழுதினார். இரண்டாவதற்குக் கொடுந்தமிழ் இலக்கணம் என்று பெயர். 1728-ல் லத்தீனில், தம்மைப் போல் புதிதாக வந்து இறங்கும் பாதிரியார்களுக்காக எழுதியது. 1738-ல் அது தரங்கம்பாடியில் அச்சானது. அச்சிட்டவர்கள் யார் தெரியுமா? லூத்தரன் சபையினர். அவர்களைக் கடுமையாகச் சாடிப் புத்தகம் எழுதியவர் வீரமாமுனிவர். அவர்களிடமும் ஓர் இலக்கணம் இருந்தது. அவர்களுடைய சீகன்பால்கு எழுதி 1716-ல் ஜெர்மனியில் ஹாலே நகரில் அச்சானது. ஆனாலும் எதிராளி எழுதிய இலக்கணத்தை அச்சேற்றினார்கள். சண்டை வேறு, தெருவில் இறங்கித் தமிழ் பேச வேண்டிய அவசியம் வேறு.

இந்த வெளிநாட்டுக்காரர்கள் எல்லோருக்கும் எது சுலபம், எது கஷ்டம் என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். தமிழில் காலம் மூன்றே மூன்று. இத்தாலியின் எட்டைப் பார்த்தவனுக்கு இது சர்க்கரைப் பொங்கல். தனியான ஐயப் பாங்கும் கிடையாது, 'பேச வேண்டும் என்று', 'பேசினால்' என்று சமாளித்துவிடலாம். ஆனால் 'பேசிய பெண்', 'பேசாத பெண்' என்று பெயருக்கு முன்னால் வந்து நிற்கும் எச்சங்களுக்கு லத்தீன் கட்டத்தில் சரியான அறை இல்லை. எல்லாவற்றையும் விடப் பெரிய தொல்லை இறந்த காலம். பேசு பேசினேன் ஆகிறது, செய் செய்தேன், படி படித்தேன், நட நடந்தேன், கேள் கேட்டேன், வில் விற்றேன். எந்த வினைக்கு எது என்பதை வினையின் முகத்தைப் பார்த்து எப்போதும் சொல்ல முடியாது.

நம் இலக்கணக்காரர்களுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். பவணந்தி முனிவரின் நன்னூல், நட, வா என்று தொடங்கி 23 வினைகளை மாதிரிக்கு வரிசைப்படுத்துகிறது. இறந்த கால இடைநிலைகள் த், ட், ற், இன் என்றும் சொல்கிறது. ஆனால் அந்த 23-ம் கடைசி எழுத்தை வைத்துப் பிரித்தவை. எந்த வினை எந்த இடைநிலையை எடுக்கும் என்பதற்குப் பட்டியல் இல்லை. ஏன் இருக்க வேண்டும்? நன்னூல் படிக்க உட்கார்ந்த மாணவன் 'உடைத்தேன்' என்று சொல்லத் தெரிந்த பிறகுதான் உட்கார்ந்தான். அவனுக்கு அதைக் கொடுத்தது நூல் அல்ல, வீடும் தெருவும்.

அந்தப் பட்டியலைப் போட்டவர் இன்னொரு வெளிநாட்டுக்காரர். லைப்சிக் மிஷனைச் சேர்ந்த கார்ல் கிரவுல் 1855-ல் வெளியிட்ட இலக்கணத்தில் தமிழ் வினைகளைக் காலம் காட்டும் விதத்தை வைத்து வகை பிரித்தார். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ் லெக்சிகன் அந்த முறையைத்தான் பின்பற்றியது. அதில் ஒவ்வொரு வினைக்கும் பக்கத்தில் ஓர் எண் இருக்கும். அதைப் புரட்டினேன். 'உடைதல்' என்பதற்கு 4. 'உடைத்தல்' என்பதற்கு 11.

என் மகள் தடுக்கி விழுந்த இடம் இதுதான்! உடைகிறது, உடைந்தது, உடையும் என்பது ஒரு வகை. உடைக்கிறேன், உடைத்தேன், உடைப்பேன் என்பது வேறு வகை. தானாக நடப்பது ஒன்று, நாம் செய்வது மற்றொன்று. நனைந்தேன் நனைத்தேன், சேர்ந்தேன் சேர்த்தேன், கலைந்தது கலைத்தேன் எல்லாம் இதே ஜோடிகள். இந்தியில் அவள் 'டூட் கயா', 'தோட் தியா' இரண்டையும் மாற்றிப் போட்டு நான் கேட்டதே இல்லை. அது அவளுக்குத் தெருவிலிருந்து கிடைத்தது.

தாராவியில் வளர்ந்த நண்பர் ஒருவர் என்னோடு வேலை பார்த்தார். மும்பையைத் தாண்டி அதிகம் போகாதவர், ஆனால் பேச்சில் அச்சு அசல் திருநெல்வேலி. சந்து முழுக்கத் தமிழ், அதனால் யாரும் சொல்லிக்கொடுக்காமலே வினை வந்துவிட்டது. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் தமிழ் பேசும் தெரு என்று ஒன்று கிடையாது. அம்மா, அப்பா இரண்டு பேர்தான் தெரு. அதுவும் ராத்திரி எட்டு மணிக்கு மேல் திறக்கும் தெரு.

எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். தமிழ்க் குழந்தை என்பதால் தமிழ் தானாக வந்துவிடும் என்று நினைத்துவிட்டோம். வராதபோது சிரித்தோம். உண்மையில் வினை விஷயத்தில் நம் பிள்ளைகள் நன்னூல் மாணவர்கள் அல்ல, கப்பலை விட்டு இறங்கிய வீரமாமுனிவர்கள். அவருக்குத் தேவைப்பட்ட வாய்ப்பாடு இவர்களுக்கும் தேவை. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. முப்பது வயதில் வாய்ப்பாடு போட்டுத் தமிழ் கற்றவர்தான் பிறகு தேம்பாவணி எழுதினார்.

பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் பேரேடு மாதிரி மூன்று பத்தி கோடு போட்டேன். நேற்று, இன்று, நாளை. இடப்பக்கம் தானாக நடப்பது, வலப்பக்கம் நாம் செய்வது. எழுத்துத் தமிழ் ஒரு வரி, பேச்சுத் தமிழ் அடுத்த வரி. இப்போது அது ஃபிரிட்ஜ் கதவில், ஃபிரெஞ்சு கட்டத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது.

ஒரு மாதம் கழித்து, நல்ல மழை நாளில் ஸ்கூலிலிருந்து வந்தவள் தானாக ஃபோனை எடுத்தாள். "ஆச்சி, புக்கை எல்லாம் நனைச்சுட்டேன். நானும் நனைஞ்சுட்டேன்."

அடுத்த வாக்கியத்திலேயே ஒரு தப்பு வந்தது. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. பேச்சு இருபது நிமிஷம் ஓடியது.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் தடுக்கி விழும் வினைகள் எவை? சொல்லுங்கள், காலண்டர் தாளில் இன்னும் இடம் இருக்கிறது.