கிழிந்த காகிதத்தின் குரல்

சந்தையில் மண்பானை வாங்குவோர் கண்ணால் பார்த்ததோடு நிறைவடைவதில்லை. விரலை மடக்கி ஒருமுறை தட்டிப் பார்ப்பர். அந்த ஒற்றைத் தட்டில் பானையின் வயிறு, வாய், சுவரின் கனம், சூளையில் சரியாக வேகாத இடம், கண்ணுக்குப் படாத கீறல் அனைத்தும் ஒலியாக வெளிப்பட்டுவிடுகின்றன. நாம் இங்கே பேசப்போவது மின்கிடாரைப் பற்றி. எனினும் செய்தியின் வேர் இந்தத் தட்டலில்தான் இருக்கிறது.

நம்மிடம் முன்னர் இளங்கலை பயின்ற மாணவர் ஒருவர் கிடார் வாசிப்பவர். சென்ற ஆண்டு அவர் அறைக்குச் சென்றிருந்தோம். ஒண்டுக் குடித்தனம், சுவருக்கு அப்பால் கைக்குழந்தை. அவர் கம்பியை மீட்டியபோது கொசு முரல்வது போன்ற ஒலியே எழுந்தது. பிறகு செவிபேசியை நம் காதில் மாட்டினார். உள்ளே இடி இடித்தது. “இது லண்டன் பெட்டி, ஐயா” என்றார். பெட்டி எங்கே என்று சுற்றுமுற்றும் பார்த்தோம். கணினித் திரையில் ஒரு கோப்பைக் காட்டினார். வினாடியின் இருபதில் ஒரு பங்குகூட நீளாத ஓர் ஒலித்துணுக்கு. அளவில் இக்கட்டுரையைக் காட்டிலும் சிறியது. ஆங்கிலத்தில் இதனை இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் என்கின்றனர். நாம் ‘தட்டொலி’ என்று வழங்குவோம்; இதனினும் நல்ல சொல் அன்பர்களிடம் இருப்பின் ஏற்றுக்கொள்வோம்.

மின்கிடாரின் கம்பியதிர்வு காந்தச்சுருளால் மின்னலையாகி, ஆம்ப்ளிஃபயரில் வலுப்பெற்று, மரப்பெட்டிக்குள் பொருத்திய ஸ்பீக்கரை அடைகிறது. ஸ்பீக்கர் என்பது காகிதக் கூழால் செய்யப்பட்ட ஒரு கூம்பு. பெரும்பாலும் 12 அங்குல விட்டம் உடையது. வீட்டு இசைக்கருவியின் ஸ்பீக்கர், வந்ததை வந்தபடி சொல்ல முயல்வது. கிடார் ஸ்பீக்கரோ அத்தகைய நேர்மை உடையதன்று. வினாடிக்கு ஏறத்தாழ 5,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலிகளைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். நடு ஒலிகளுள் தனக்கு உகந்தவற்றை முன்னே தள்ளும். பொறியாளர் கண்ணுக்கு இவையெல்லாம் குறைகள். அக்குறைகளே மின்கிடாரின் குரலாயின.

1951ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஐக் டர்னரின் குழுவினர் ‘ராக்கெட் 88’ என்னும் பாடலைப் பதிவு செய்ய மெம்பிஸ் நகருக்குச் சென்றனர். கிடார் கலைஞர் வில்லி கிசார்ட்டின் ஆம்ப்ளிஃபயர் வழியில் சேதமுற்றது. காரிலிருந்து விழுந்தது என்பாரும், மழையில் நனைந்தது என்பாரும் உளர். ஒலிப்பதிவுக் கூடத்தின் உரிமையாளர் சாம் ஃபிலிப்ஸ், பழுதான கூம்புக்குள் காகிதத்தைத் திணித்துப் பார்த்தார். கரகரப்பு போகவில்லை. அதனை மறைக்காமல் அப்படியே பதிவு செய்தார். ஜாக்கி பிரென்ஸ்டன் பெயரில் வெளிவந்த அப்பாடல் அமெரிக்க ரிதம் அண்ட் புளூஸ் பட்டியலில் முதலிடம் பெற்றது.

அது தற்செயல். அடுத்து வந்தவர்கள் வேண்டுமென்றே செய்தனர். 1958இல் வெளிவந்த ‘ரம்பிள்’ இசைக்காக லிங்க் ரே தம் ஸ்பீக்கர் கூம்பைப் பென்சிலால் குத்தித் துளையிட்டார். அவ்விசையில் பாடல் வரி ஒன்றுகூட இல்லை. ஆயினும் அது வன்முறையைத் தூண்டும் எனச் சில அமெரிக்க வானொலி நிலையங்கள் ஒலிபரப்ப மறுத்தன. சொல்லே இல்லாத ஒன்றுக்குத் தடை! சொல்லை நம்பிப் பிழைக்கும் நம்போன்றோர் இவ்விடத்தில் சற்று நின்று செல்லலாம். 1964இல் லண்டனில் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் தம் சிறிய ஆம்ப்ளிஃபயரின் கூம்பைச் சவரத் தகட்டால் கீறினார். அப்போது அவருக்கு வயது 17. ‘யூ ரியலி காட் மீ’ பாடலின் தொடக்கத்தில் கேட்கும் உறுமல் அந்தக் கீறலின் குரல். இதே காலத்தில் மேற்கு லண்டனின் ஹான்வெல் பகுதியில் இசைக்கருவிக் கடை நடத்திய ஜிம் மார்ஷல், 12 அங்குல செலஸ்டியன் ஸ்பீக்கர் நான்கினை ஒரே பெட்டியில் அடுக்கினார். மாணவர் ‘லண்டன் பெட்டி’ என்றது இதன் வழித்தோன்றலைத்தான்.

இப்பெட்டியின் குரலை முழுமையாகப் பெற வேண்டுமெனில் உரக்க வாசித்தாக வேண்டும். ஒண்டுக் குடித்தனத்தில் அது நடவாது. ஸ்பீக்கரைத் தவிர்த்துவிட்டு ஆம்ப்ளிஃபயரின் ஒலியை நேரே பதிவுக்கருவிக்குள் செலுத்தினால் என்ன? கலைந்த குளவிக்கூடுபோல் இரைகிறது. காகிதம் விழுங்கவேண்டிய மேல் ஒலிகளெல்லாம் விழுங்கப்படாமல் வந்து காதைத் துளைக்கின்றன. 1982இல் டாம் ஷோல்ஸ் ஆக்கிய ராக்மேன், 1989இல் வந்த சான்ஸ்ஆம்ப், 1998இல் லைன் 6 நிறுவனம் வெளியிட்ட சிவப்பு நிறப் பாட் முதலியன இதற்கு வடிகட்டிகளால் விடைகாண முயன்றன. அவை பயன்பட்டன, விற்றன. எனினும் அவற்றின் குரல் பொதுவான ஒரு பெட்டியின் சாயலே ஒழிய, இன்ன பெட்டி என்று சுட்டத்தக்கதாக அமையவில்லை.

விடை வேறொரு துறையிலிருந்து வரவேண்டியிருந்தது.

ஒலியைக் கணினி எண்களாகவே அறியும். ஒரு வினாடிக்கு 48,000 எண்கள் என்று கொள்வோம். ஒவ்வோர் எண்ணையும் பானையின்மேல் விழும் ஒரு தட்டாகக் கருதலாம். ஒன்று வலிய தட்டு, மற்றொன்று மெல்லிய தட்டு. ஒற்றைத் தட்டுக்குப் பானை எவ்வாறு ஒலித்து அடங்கும் என்பது நமக்கு முன்னரே தெரியுமாயின், ஒவ்வொரு தட்டுக்கும் உரிய ஒலியை அதன் வலுவுக்கேற்பக் கூட்டியோ குறைத்தோ எழுதி, எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டினால், எந்த இசைக்கும் அந்தப் பானை தரக்கூடிய ஒலி கிடைத்துவிடும். பானை கையில் இருக்கவேண்டிய தேவையில்லை. கணிதத்தில் இதற்கு கன்வல்யூஷன் என்று பெயர். தட்டொலி 2,048 எண்கள் நீளமுடையதாயின், நேர்வழியில் ஒரு வினாடி இசைக்கு 9,83,04,000 பெருக்கல்கள் வேண்டும். அக்காலக் கணினிகளுக்கு இது மலை. 1965இல் கூலி, டூக்கி என்னும் இருவர் வெளியிட்ட விரைவுக் கணக்கு முறையைக் கொண்டு, 1966இல் தாமஸ் ஸ்டாக்ஹாம் அம்மலையைக் கடக்கும் வழியைக் காட்டினார்.

இந்த ஸ்டாக்ஹாமைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறோம். 1921இல் மறைந்த இத்தாலியப் பாடகர் என்ரிகோ கருசோ தம் பாடல்களைத் தகரக் கொம்புக்கு முன் நின்று பாடிப் பதிவு செய்தவர். மின்முறைப் பதிவு வந்தது 1925இல். ஆகவே நமக்குக் கிடைத்திருப்பது கருசோவின் குரலோடு கலந்த கொம்பின் குரலும்தான். யூட்டா மாநிலத்தில் பணியாற்றிய ஸ்டாக்ஹாம், அதே பாடலை வேறொருவர் பாடிய பிற்காலப் பதிவோடு ஒப்புநோக்கி, கொம்பின் இயல்பைக் கணித்து, அதனைக் கழித்துப் பாடகரை மீட்க முயன்றார். கொம்போ அந்த அறையோ அவரிடம் இல்லை. 1976இல் ஆர்.சி.ஏ. நிறுவனம் அப்பதிவுகளை இசைத்தட்டாக வெளியிட்டது. இடைச்செருகலைக் களைந்து மூலபாடத்தை மீட்கும் பதிப்பாசிரியரின் பணி இது. ஏட்டுச்சுவடி பார்த்தோர்க்கு இது புதிதன்று. பின்னாளில் கிடார் வாசிப்போர் இதே கணிதத்தைத் தலைகீழாகக் கையாண்டனர். இடைச்செருகலைத் தேடிப் பிடித்துச் சேர்த்தனர்.

தட்டொலியின் அருமையை உலகுக்கு உணர்த்தியது ஒரு தீ. வெனிஸ் நகரின் லா ஃபெனிச்சே இசையரங்கு 1792இல் திறக்கப்பட்டது. 1836இல் எரிந்து, மறு ஆண்டே மீண்டும் எழுந்தது. 1996 ஜனவரி 29 இரவு மறுபடி எரிந்து சுவர்கள் மட்டும் எஞ்சின. அத்தீக்குச் சில மாதங்களுக்கு முன்னர்தான் இத்தாலிய ஒலியியலார் அவ்வரங்கின் தட்டொலிகளை, இரு காதுகளால் கேட்பது போன்ற முறையில் பதிவு செய்து வைத்திருந்தனர். மரமும் பூச்சும் திரைச்சீலையும் சாம்பலான பின்னரும், அரங்கு ஒலியை ஏந்திய விதம் எண்களாக எஞ்சியிருந்தது. 2003 டிசம்பரில் அரங்கு மீண்டும் திறக்கப்பட்டது. பெயரின் பொருள் ஃபீனிக்ஸ் பறவை என்பதை நாம் சொல்லவேண்டியதில்லை.

அந்த ஆய்வில் பங்குபெற்ற பர்மா பல்கலைக்கழக ஏஞ்செலோ ஃபரினா, 2000ஆம் ஆண்டு பாரிஸில் நடந்த ஒலிப்பொறியியலார் மாநாட்டில் புதிய அளவை முறையொன்றை வெளியிட்டார். துப்பாக்கி வெடியோ பலூன் வெடியோ வேண்டா. மிகத் தாழ்ந்த ஒலியிலிருந்து மிக உயர்ந்த ஒலிவரை ஒரே சீராக ஏறிச்செல்லும் நீண்ட ஊளை ஒன்றை ஒலிக்கச் செய்து, அதன் பதிவிலிருந்து தட்டொலியைக் கணக்கிட்டுப் பெறலாம். இம்முறைக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. ஊளையை எழுப்பும் ஸ்பீக்கர் திணறிக் கரகரத்தால், அந்தக் கரகரப்பு கணக்கின் முடிவில் தட்டொலிக்கு முன்னால் தனியே விலகி நிற்கும். கத்தரித்து எறிந்துவிடலாம். அரங்கை அளப்போர்க்கு இது பெரும் வரம். கிடாருக்கு வரும்போது இது என்னாயிற்று என்பதைப் பின்னர் காண்போம்.

1999இல் சோனி நிறுவனம் உண்மை அரங்குகளின் தட்டொலியைக் கொண்டு எதிரொலி தரும் கருவியை வெளியிட்டது. சில ஆண்டுகளில் வீட்டுக் கணினியே அவ்வேலையைச் செய்யலாயிற்று. பேரரங்கை அடைத்த சிமிழில் ஸ்பீக்கர் பெட்டியை அடைக்க முடியாதா என்று கிடார் ஆர்வலர் சிலர் எண்ணினர். பெட்டி அரங்கைவிட எளிது. அதன் ஒலி விரைவில் அடங்கிவிடுகிறது. தம் பெட்டிகளின் முன் ஒலிவாங்கியை நிறுத்தி, ஊளையைச் செலுத்திப் பதிவு செய்து, 2000களின் நடுப்பகுதியில் தமக்குள் இலவசமாகப் பகிர்ந்துகொண்டனர். 2006இல் வந்த ஆக்ஸ்-எஃப்எக்ஸ் முதலிய கருவிகள் இவ்வழக்கத்தை மேடைக்குக் கொண்டுசென்றன. நெடுங்காலம் காகிதக் கூம்புகளையே விற்ற செலஸ்டியன் நிறுவனம் 2017இல் தன் ஸ்பீக்கர்களின் தட்டொலியையும் விற்கத் தொடங்கியது.

இங்கு ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். கோப்பில் இருப்பது பெட்டி அன்று. இன்ன பெட்டியின் முன், இன்ன ஒலிவாங்கி, இன்ன இடத்தில், இன்ன நாளில் கேட்டதுதான் அது. கூம்பின் மையத்துக்கு நேரே ஒலிவாங்கி நின்றால் குரல் கூர்மையாகும். ஓர் அங்குலம் விளிம்பை நோக்கி நகர்ந்தால் கனியும். அதனால்தான் ஒரே பெட்டிக்கு நூற்றுக்கணக்கான கோப்புகள். நம் மாணவரிடம் சில ஆயிரம் இருந்தன. வாசிக்கும் நேரத்தைவிடத் தேரும் நேரமே மிகுதி என்று அவரே ஒப்புக்கொண்டார். பெட்டியின் முன் நிற்கும்போது நெஞ்சில் மோதும் காற்றையும், அந்த ஒலியால் கம்பி தானே மீண்டும் அதிரும் மாயத்தையும் செவிபேசி தராது.

இதனினும் பெரிய குறை கணிதத்திலேயே உள்ளது. மெல்லத் தட்டினாலும் வலியத் தட்டினாலும் பொருள் ஒரே விதமாக ஒலிக்கும், அளவு மட்டுமே வேறுபடும் என்பது தட்டொலியின் அடிப்படை. முழுப் பானைக்கு அது ஏறக்குறையப் பொருந்தும். காகிதக் கூம்போ உரக்க ஒலிக்கும்போது நெளிகிறது; சுருள் சூடேறி ஒலி சற்றே ஒடுங்குகிறது; கிழிந்த விளிம்பு படபடக்கிறது. இவை எதுவும் தட்டொலிக்குள் அடங்கா. ஃபரினாவின் முறை இவற்றைச் செம்மையாகப் பிரித்து அப்புறப்படுத்தியும் விடுகிறது. லிங்க் ரேயின் ஸ்பீக்கரை இன்று அம்முறையில் அளந்தால், காகிதத்தின் நிறம் கிடைக்கும். பென்சில் துளையின் குமுறலில் பெரும்பகுதி குப்பைக்குப் போகும். இதனை ஈடுசெய்ய, ஸ்பீக்கரின் நெளிவையும் கணித்துச் சேர்க்கும் முறைகள் இப்போது வந்துகொண்டிருக்கின்றன. ஆயினும் பெரும்பாலோர் கையில் இருப்பது பழைய சிறு கோப்பே. மென்மையாகக் கேட்டால் வேறுபாடு காண்பது கடினம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நம் காதுக்குச் சுத்தமாகத் தெரியவில்லை.

சென்ற மாதம் மாணவர் தொலைபேசியில் அழைத்தார். ஸ்பீக்கர் பழுதுபார்க்கும் கடையொன்றில் பழைய 12 அங்குல கிடார் ஸ்பீக்கர் ஒன்று கூம்பு மாற்றுவதற்காக வந்திருக்கிறதாம். விளிம்பில் விரல் நீளத்துக்குக் கிழிசல். கூம்பைப் பிய்ப்பதற்கு முன் அரைமணி நேரம் கேட்டு வாங்கி, கடையின் பின்கட்டில் ஒலிவாங்கியை நிறுத்தி, ஊளையைச் செலுத்திப் பதிவு செய்திருக்கிறார். “கிழிஞ்ச கோனையா தம்பி போட்டோ புடிக்கிற?” என்று சிரித்தாராம் கடைக்காரர். மறுவாரம் கோப்பை நமக்குக் கேட்கச் செய்தார். தடித்த, இனிய குரல். படபடப்பு எங்கே என்று கேட்டோம். அது வரவில்லை, ஐயா என்றார்.

கடைக்காரர் பிய்த்துப் போட்ட கூம்பையும் அவர் கேட்டு வாங்கி வந்திருக்கிறார். அலமாரியின் மேல், செய்தித்தாளில் சுற்றி வைத்திருக்கிறார்.