ஆட்டுக்கல்லும் கிரைண்டரும்: புக்கிட் மேராவின் காலை உணவு வரலாறு

சிங்கப்பூர்த் தமிழரின் வரலாற்றைக் கோயில், பள்ளி, சங்கம் ஆகியவற்றின் வழியே எழுதுவது பெருவழக்கு. அடுக்களைப் பொருள்களும் வரலாற்றுச் சான்றுகளே என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960-இல் நிறுவப்பட்டது. 1961 மே 25-இல் புக்கிட் ஹோ சுவீயில் மூண்ட தீ ஏறத்தாழ 16,000 பேரை வீடிழக்கச் செய்தது. அதன் பின்னர் இன்றைய புக்கிட் மேரா வட்டாரத்தில் அடுக்குமாடி வீடுகள் விரைந்து எழுந்தன. கம்பத்து வீட்டின் தரையில் கிடந்த ஆட்டுக்கல்லுக்கு மாடி வீடு ஏற்ற இடமன்று. அதன் எடையும் ஓசையும் இடையூறாயின. எனினும், காலையில் இட்லியும் தோசையும் வேண்டியிருந்தன.

இச்சிக்கலுக்கு விடையாக அமைந்தது, 1955-இல் கோயம்புத்தூரில் பி. சபாபதி உருவாக்கிய கிரைண்டர் ஆகும். கல்லோடு கல் உரசும் பழைய முறையையே அது மின்விசையால் இயக்கியது. மாவு அதிகம் சூடேறாததால் நன்கு புளித்துப் பொங்கும்.

கிரைண்டரின் கல் எளிதில் தேய்வதில்லை. மோட்டாரை மாற்றினால் மீண்டும் ஓடும். ஆதலால் அது தாயிடமிருந்து மகளுக்கும், அண்டை வீட்டார்க்கும், பழம்பொருள் வாங்குவோர்க்கும் கைமாறத்தக்கது. பழம்பொருள்களுக்குப் பெயர்பெற்ற சுங்கை ரோட்டுச் சந்தையோ 2017 ஜூலையில் மூடப்பட்டது.

கைமாறும்போது பொருள் மட்டுமே செல்கிறது. அரிசிக்கும் உளுந்துக்கும் எவ்விகிதம், வெப்ப மிகுந்த இந்நாட்டில் மாவை எத்தனை மணிநேரம் வைத்தல் வேண்டும், விடியலில் முதல் தட்டு யாருக்கு என்பனவெல்லாம் இல்லத்தரசியரின் நினைவிலேயே தங்கிவிடுகின்றன. மாடி வீட்டில் முதன்முதல் அடுப்பேற்றிய அத்தலைமுறை முதுமை எய்திவிட்டது. பழைய கிரைண்டரை விற்குமுன் அதன் கதையைக் கேட்டுப் பதிவுசெய்தல் நம் கடமையாகும்.