மேடையில் ஒரு கேள்வி

மலர்க் குழுவினர் நம் நாடக மன்றத்தின் வரலாற்றைத்தான் என்னிடம் கேட்பார்கள் என்று நினைத்திருந்தேன். அதை எழுத மூத்தவர்கள் இருக்கிறார்களாம். "நீங்க வேற ஏதாவது எழுதுங்க சார்" என்றார்கள். ரொம்ப நல்லதாப் போச்சு! வரலாறு படித்துவிட்டு நாடகப் பைத்தியமாய்த் திரிந்தவன் நான். என்னை நெடுநாளாய்க் குடைந்துகொண்டிருக்கும் ஒரு நாடகத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு என்றொரு ஊர். அங்குள்ள தர்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியின் சாப்பாட்டுக் கூடத்தில் 1998 மே 21 அன்று 15 வயது மாணவன் ஒருவன் சரமாரியாகச் சுட்டான். இரண்டு மாணவர்கள் இறந்தார்கள். 25 பேர் காயமடைந்தார்கள். முந்தின நாளே வீட்டில் தாய் தந்தையைக் கொன்றிருந்தான். இருவருமே ஆசிரியர்கள். கூடத்தில் அவனை மடக்கிப் பிடித்தது போலீஸ் இல்லீங்க, கூடப் படித்த பையன்கள்தான். குண்டடிபட்ட ஒருவனும் அதில் உண்டு.

வில்லியம் மாஸ்ட்ரோசிமோன் அப்போதே பேர் பெற்ற நாடக ஆசிரியர். அவருடைய மகன் படித்த பள்ளியின் கரும்பலகையில், வகுப்பையே கொல்லப்போவதாக யாரோ எழுதிவைத்த சம்பவம் அவரை உலுக்கியது. 'பேங் பேங் யூ ஆர் டெட்' என்ற நாடகத்தை எழுதினார். தலைப்பைப் பாருங்கள், பிள்ளைகள் விளையாட்டில் கத்துகிற வார்த்தை.

கதை எளிமையானது. ஜாஷ் என்ற பையன் சிறையில் இருக்கிறான். அவன் கொன்ற ஐந்து சக மாணவர்களும் வந்து அவனைச் சூழ்ந்துகொள்கிறார்கள். ஏன் என்னைக் கொன்றாய் என்பதுதான் கேள்வி. தாங்கள் இனி அனுபவிக்கவே முடியாத சின்னச் சின்ன சந்தோஷங்களையெல்லாம் சொல்கிறார்கள். அவனால் பதில் சொல்ல முடியவில்லை. கேள்வியும் விடுவதாயில்லை.

1999 ஏப்ரல் 7 அன்று இதை முதன்முதலில் நடித்தது யார் தெரியுமா? அதே தர்ஸ்டன் பள்ளி மாணவர்கள். சம்பவம் நடந்து ஓராண்டு கூட நிறையவில்லை! மேடை ஏறிப் பழகிய நம்மவர்களுக்குத் தெரியும், ஒத்திகையில் ஒரே வசனத்தை எத்தனை முறை சொல்ல வேண்டியிருக்கும் என்று. செத்துப்போன பையனின் வசனத்தை, உண்மையிலேயே நண்பர்களைப் பறிகொடுத்த பள்ளியின் பிள்ளைகள் அப்படித் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். புண்ணைக் கிளறும் வேலை என்று யாராவது சொன்னால் என்னால் மறுக்க முடியாது. ஆனாலும் அந்தப் பாத்திரங்களை ஏற்கும் உரிமை வேறு யாரையும்விட அவர்களுக்குத்தான் இருந்தது என்பது என் கட்சி.

அடுத்த 13 நாளில், ஏப்ரல் 20 அன்று, கொலராடோ மாநிலத்துக் கொலம்பைன் பள்ளியில் 12 மாணவர்களும் ஓர் ஆசிரியரும் கொல்லப்பட்டார்கள். அதன்பின் இந்த நாடகத்தை அமெரிக்காவெங்கும் பள்ளிகள் தேடிப் பிடித்தன. ஆசிரியர் ராயல்டி கேட்கவில்லை; பிரதியை இணையத்தில் இலவசமாக வைத்தார். மாணவர்களுக்காக மாணவர்களே நடிக்க வேண்டும் என்பதுதான் அவர் நோக்கம். 2002இல் இதே பெயரில் தொலைக்காட்சிப் படமும் வந்தது.

2005இல் ஸ்டீபன் காரம், பி. ஜே. பாபரெல்லி இருவரும் உருவாக்கிய 'கொலம்பைனஸ்' மேரிலாந்தில் அரங்கேறியது. நேர்காணல்கள், கொலையாளிகளின் நாட்குறிப்புகள் ஆகியவற்றைக் கொண்டு கட்டிய நாடகம். கனமான வேலைதான். ஆனால் கொலைகாரன் பேசப்பேச அவன்தான் நாயகனாகிவிடுகிறான் என்ற பயம் எனக்கு உண்டு. தர்ஸ்டன் நாடகத்தில் செத்தவர்கள் கேட்கிறார்கள், கொன்றவன் திணறுகிறான். இந்தத் தராசு எனக்குப் பிடித்திருக்கிறது.

2018 பிப்ரவரி 14 அன்று ஃபுளோரிடாவின் பார்க்லாண்டு பள்ளியில் 17 பேர் கொல்லப்பட்டபோது, நாடக மாணவர்கள் குழந்தைகளுக்கான ஓர் இசை நாடகத்துக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆசிரியை மெலடி ஹெர்ஸ்ஃபெல்டு 65 பேரை ஒளித்துவைத்துக் காப்பாற்றினார். அவ்வாண்டு டோனி விருது விழாவில் அவருக்கு நாடகக் கல்வி விருது கிடைத்தது. அவருடைய மாணவர்கள் அந்த மேடையில் பாடினார்கள்.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று. மைக்கேல் கோட்டி என்ற இயக்குநர் தொடங்கிய 'இனஃப்' என்ற முயற்சியில் பள்ளி மாணவர்களே பத்து நிமிட நாடகங்கள் எழுதுகிறார்கள். தேர்வானவை ஒரே நாளில் பல ஊர்களில் வாசிக்கப்படுகின்றன. முதல் வாசிப்பு 2020 டிசம்பர் 14 அன்று நடந்தது. 2012இல் சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்ட அதே தேதி. செட்டு வேண்டாம், ஒப்பனை வேண்டாம், நாலு நாற்காலியும் கையில் பிரதியும் போதும். எழுதுகிற பிள்ளைகள், வகுப்பின் கதவைப் பூட்டி விளக்கை அணைத்து மூச்சுவிடாமல் உட்காரும் பயிற்சியைச் சின்ன வகுப்பிலிருந்தே செய்து வளர்ந்த தலைமுறை.