தொழிற்பழகுநர் ஒப்பந்தம் (குடியேற்றக்கால அமெரிக்கா)

பிரித்தானிய ஆட்சியில் இருந்த வட அமெரிக்கக் குடியேற்றங்களில், கைத்தொழில் கற்கச் சென்ற சிறுவன் பெரும்பாலும் எழுத்து ஒப்பந்தம் ஒன்றால் கட்டப்பட்டான். பழைய வழக்கப்படி, ஒரே வாசகத்தை ஒரு தாளில் இருமுறை எழுதி, நடுவே பல் பல்லாக வெட்டி, ஆளுக்கொரு பாதி வைத்துக்கொள்வர். பிணக்கு வந்தால் இரு பாதிகளும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பர். இவ்வொப்பந்தத்தின் ஆங்கிலப் பெயர் 'பல்' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது.

பொதுவாக ஆண்பிள்ளைகள் 21 வயது வரை கட்டுப்பட்டனர். உணவு, உடை, உறைவிடம், தொழிற்பயிற்சி, ஓரளவு எழுத்தறிவு ஆகியவை முதலாளியின் பொறுப்பு. பழகுநர் சூதாடக் கூடாது. மதுக்கடைக்குச் செல்லவோ திருமணம் செய்யவோ கூடாது. தொழில் இரகசியத்தை வெளியிடக் கூடாது. பெற்றோரை இழந்த ஏழைப் பிள்ளைகளை ஊர் அதிகாரிகளே இவ்வாறு ஒப்படைத்தனர். பெண்பிள்ளைகளுக்கு வாய்த்தது பெரும்பாலும் வீட்டு வேலையும் தையலும்தான்.

ஐரோப்பிய நகரங்களில் தொழிலைக் கட்டுப்படுத்திய கைவினைச் சங்கங்கள் இங்கு வேரூன்றவில்லை. 1648இல் மாசச்சூசெட்ஸ் சட்டமன்றம் பாஸ்டனின் செருப்புத் தொழிலாளருக்கும் பீப்பாய் செய்வோருக்கும் சங்க உரிமை வழங்கியது. அதுவும் மூன்று ஆண்டுகளுக்கு மட்டுமே. நிலம் மலிவு, வேலையாள் அரிது என்ற நிலையில் தொழில் கற்றவரைப் பிடித்துவைப்பது கடினம். எனவே முதலாளியின் முக்கியப் பிடி இந்தத் தாளே.

அந்தப் பிடி எப்படித் தளர்ந்தது என்பதற்குப் பெஞ்சமின் பிராங்க்ளினின் இளமைக்காலமே நல்ல சான்று. பாஸ்டனில் விலங்குக் கொழுப்பிலிருந்து மெழுகுவத்தியும் சோப்பும் செய்துவந்த தந்தையிடம் அவர் 10 வயதில் திரி வெட்டினார், அச்சுகளில் கொழுப்பு ஊற்றினார். அந்த வேலை பிடிக்காமல் கடலுக்குச் செல்ல விரும்பினார். மகன் கப்பலேறிவிடுவானோ என்று அஞ்சிய தந்தை, தச்சர், கொத்தனார், கடைசல்காரர் முதலியோர் வேலை செய்யும் இடங்களுக்கு அழைத்துச் சென்று காட்டினார். முடிவில் 1718இல், 12 வயதில், அச்சகம் நடத்திய அண்ணன் ஜேம்ஸிடம் ஒப்பந்தமானார். அண்ணன் அடிப்பதும் உண்டு.

1722இல் அரசைச் சீண்டும் செய்தியை வெளியிட்டதற்காக ஜேம்ஸ் சிறை சென்றார். பின்னர் அவர் தம் பத்திரிகையை வெளியிடத் தடை வந்ததும், அது தம்பியின் பெயரில் வந்தது. பழகுநன் பெயரில் பத்திரிகை நடத்துவதாகக் குற்றச்சாட்டு எழாதிருக்க, பழைய ஒப்பந்தத்தில் விடுதலை எழுதிக் கொடுத்து, இரகசியமாகப் புதியதொன்று போடப்பட்டது. அந்த இரகசியத்தை அண்ணனால் வெளியே காட்ட இயலாது. பெஞ்சமின் இதை நன்கறிந்து, 1723இல், 17 வயதில் வெளியேறினார். பாஸ்டனின் பிற அச்சகங்கள் வேலை தராதபடி ஜேம்ஸ் தடுத்தார். எனவே நியூயார்க் வழியாகப் பிலடெல்பியா சென்றார்.

1729இல் அவர் வாங்கிய பென்சில்வேனியா கெசட் இதழில், ஓடிப்போன பழகுநரையும் வேலைக்காரரையும் அடிமைகளையும் பிடித்துத் தரக் கோரும் விளம்பரங்கள் வந்துகொண்டிருந்தன. தப்பி ஓடிய பழகுநன் நடத்திய பத்திரிகை என்பதால் அவை குறையவில்லை.

அடிமைகளிலும் கொல்லர், தச்சர், பீப்பாய் செய்வோர் பலர் இருந்தனர். அவர்களுக்கு 21 வயது என்ற எல்லை கிடையாது; வெளியே வேலைக்கு அனுப்பப்பட்டால் கூலி உரிமையாளரைச் சேர்ந்தது. பாஸ்டனில் தாமஸ் பிளீட்டின் அச்சகத்தில் இருந்த அடிமை ஒருவர் அச்சுக் கோத்தார். சிறு நூல்களுக்கான படங்களை மரக்கட்டைகளில் செதுக்கினார். பிளீட்டின் வீட்டிலேயே அடிமைகளாகப் பிறந்த பாம்பி, சீசர் என்ற இரு சிறுவர்களும் அதே அச்சகத்தில் தொழில் பழகினர்.