வேலையிடப் பாதுகாப்பு: குற்றம் பிடிப்பதல்ல, கூட நின்று திருத்துவது

வளைகுடா நாடுகளின் கட்டுமானத் தளங்களிலும் ஆலைகளிலும் நம் சகோதரர்கள் ஏராளமானோர் உழைக்கிறார்கள். 'சாரத்திலிருந்து விழுந்துவிட்டார்', 'கரண்ட் அடித்துவிட்டது' என்று ஊருக்குச் செய்தி வரும்போது, இன்னா லில்லாஹி சொல்லி, விதி என்று மனதைத் தேற்றிக்கொள்கிறோம். விதியை நம்புவது ஈமானில் உள்ளது. ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது தவக்குல் வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்ததைத் திர்மிதீயில் காண்கிறோம். உயரத்தில் வேலை செய்பவருக்கு ஹார்னஸின் கொக்கிதான் அந்தக் கயிறு.

வேலை தொடர்பான விபத்துகளாலும் நோய்களாலும் உலகில் ஆண்டுதோறும் சுமார் 30 லட்சம் பேர் இறப்பதாக சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு (ஐ.எல்.ஓ.) 2023-ல் மதிப்பிட்டது. இவற்றில் விபத்து மரணங்களைக் குறைக்கப் பல நிறுவனங்கள் கையாளும் முறைகளில் ஒன்று, 'நடத்தை சார்ந்த பாதுகாப்பு'. சேஃப்டி துறையில் இதைச் சுருக்கமாக பி.பி.எஸ். என்பார்கள்.

இது என்ன முறை?

தொழிலாளி வேலை செய்யும் விதத்தைக் கவனிப்பது, சரியாகச் செய்ததைப் பாராட்டுவது, ஆபத்தானதை அங்கேயே பேசித் திருத்துவது. இவ்வளவுதான். அமெரிக்காவில் ஒரு பேக்கரித் தொழிற்சாலையில் ஜூடி கோமாகி குழுவினர் நடத்தி 1978-ல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் முன்னோடியானது. பாதுகாப்பான முறை எது என்பதைத் தொழிலாளர்களுக்குக் காட்டி, எத்தனை சதவீதம் சரியாகச் செய்கிறார்கள் என்பதை வரைபடமாக மாட்டிவைத்தார்கள். ஒரு பிரிவில் 70 சதவீதமாக இருந்த பாதுகாப்பான செயல் சுமார் 96 சதவீதமாக உயர்ந்தது. வரைபடத்தை நிறுத்தியதும் பழைய நிலைக்கே இறங்கியது. கவனிப்பு தொடர வேண்டும் என்பதே இதன் பாடம்.

ஏன் தவறு செய்கிறார்கள்?

ஹார்னஸ் அணிந்தும் கொக்கியை மாட்டாமல் ஒருவர் வேலை செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 'அலட்சியம்' என்று சொல்லிவிடுவது எளிது. உண்மையில் மாட்டுவதற்குப் பக்கத்தில் இடம் இல்லாமல் இருக்கலாம், ஃபோர்மேன் அவசரப்படுத்தியிருக்கலாம். மாட்டாவிட்டால் வேலை சீக்கிரம் முடிகிறது, சபாஷும் கிடைக்கிறது. நூறு முறை ஒன்றும் ஆகாததால் அதுவே பழக்கமாகிவிடுகிறது. எனவே செயலுக்கு முன் இருக்கும் தூண்டுதலையும் பின் கிடைக்கும் பலனையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

கவனிப்பது எப்படி?

1. தளத்தில் அதிக ஆபத்துள்ள சில செயல்களை மட்டும் பட்டியலிடுங்கள். பட்டியல் போடும்போது தொழிலாளர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.
2. ஒளிந்து பார்க்காதீர்கள். ஸலாம் சொல்லி, பார்க்கப் போகிறோம் என்று தெரிவித்துவிட்டுப் பாருங்கள்.
3. குறிப்பில் பெயர் எழுத வேண்டாம். செயலும் அதற்கான காரணமும் போதும்.
4. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் குறிப்பெடுத்துக்கொண்டு நிற்காமல் வேலையை நிறுத்துங்கள்.

பேசுவது எப்படி?

பள்ளிவாசலில் சிறுநீர் கழித்துவிட்ட கிராமவாசியை ஸஹாபாக்கள் கண்டிக்க எழுந்தபோது, நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். தண்ணீர் ஊற்றச் செய்தார்கள். அவரை அழைத்து மென்மையாக விளக்கினார்கள். திருத்துபவருக்கு இதைவிடச் சிறந்த முன்மாதிரி இல்லை.

பலர் முன்னால் சத்தம் போடாமல் தனியே அழையுங்கள். "பாய், ஏணியைக் கட்டிவைத்தது ரொம்ப சரி. கொக்கி மாட்டாமல் இருந்ததைப் பார்த்தேன். மாட்ட என்ன சிரமம்?" என்று கேட்டுவிட்டு, பதிலைக் காது கொடுத்துக் கேளுங்கள். "மாட்ட இடமே இல்லை" என்று அவர் சொன்னால், அடுத்த வேலை உங்களுடையது.

நிர்வாகத்தின் பொறுப்பு

இந்த முறையைத் தவறாகப் பயன்படுத்துவோரும் உண்டு. விபத்துகளில் 88 சதவீதம் தொழிலாளியின் செயலால்தான் என்று அமெரிக்கக் காப்பீட்டுத் துறையைச் சேர்ந்த ஹெய்ன்ரிச் 1931-ல் எழுதினார். பின்வந்த பலர் அதைக் கடுமையாக மறுத்துள்ளனர். இருந்தும், பழியைத் தொழிலாளி மேல் போட இன்றும் அந்த எண் உதவுகிறது. பழுதான சாரத்தையும் தடுப்பில்லாத விளிம்பையும் அறிவுரையால் சரிசெய்ய முடியாது. முதலில் ஆபத்தை அகற்ற வேண்டும்; ஹெல்மெட்டும் ஹார்னஸும் கடைசி அரண்தான். ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கத் தடை இருப்பதும் இந்த அடிப்படையில்தான்.

தவறைச் சொன்னவருக்குச் சம்பளம் பிடித்தால், அடுத்த முறை யாரும் வாய் திறக்கமாட்டார்கள். மயிரிழையில் தப்பிய சம்பவங்கள் மறைக்கப்படும். அடுத்து வருவது மரணச் செய்தியாக இருக்கலாம்.

பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவதே ஈமானின் கிளை என்று கற்ற சமுதாயம் நாம். பக்கத்தில் நிற்பவர் எந்த நாட்டவர், எந்த மதத்தவர் என்றாலும், அவர் கொக்கியை மாட்டினாரா என்று பார்ப்பதும் அந்தக் கிளையில் அடங்கும். உழைக்கச் சென்ற ஒவ்வொருவரும் நலமாக வீடு திரும்ப அல்லாஹ் அருள்புரிவானாக.