மாலை போடாத படங்கள்: கேத்தே கொல்விற்ஸும் எங்கட வீட்டுச் சுவர்களும்

எங்கட ஊர் வீடுகளில் விறாந்தையிலோ ஹோலிலோ ஒரு சுவர் செத்தவர்களுக்கென்று இருக்கும். சட்டம் போட்ட படம், சந்தனப் பொட்டு, பிளாஸ்ரிக் மாலை, பக்கத்தில் ஒரு சின்னச் சிவப்பு மின்குமிழ். 31ஆம் நாள் அந்தியேட்டிக்கு அடிக்கிற கல்வெட்டின் முன்பக்கத்திலும் அனேகமாக அதே படம்தான் வரும். சின்ன வயதில் எங்களுக்கு அந்தச் சுவரைக் கண்டால் பயம். இப்போது கொஞ்சம் நின்று பார்க்கிறோம்.

2009க்குப் பிறகு பல குடும்பங்களிடம் மாட்டுவதற்கு ஒரு படமே இருக்கவில்லை. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து போனதில் அல்பங்கள் எங்கேயோ விடுபட்டுப் போயின. மிஞ்சியது அடையாள அட்டைப் படம். அல்லது பள்ளிக்கூடக் குறூப் படத்தில் மூன்றாவது வரிசையில் தெரியும் ஒரு முகம். ஸ்ரூடியோக்காரர் அந்த முகத்தை வெட்டியெடுத்துப் பெருப்பித்து, கீழே வேறு யாருடையதோ கோட்டையும் ரையையும் பொருத்தி, பின்னுக்கு நீல வானமும் வைத்துத் தருவார். “இவன் ஒருநாளும் கோட்டுப் போட்டவனில்லை” என்று சொல்லிக்கொண்டே அம்மாமார் அதை வாங்கிக்கொண்டு போவினம். பார்க்கிறவர்களுக்கு அது கொஞ்சம் சிரிப்பாகவும் இருக்கும். ஆனால் எந்தப் படத்திலிருந்து முகத்தை எடுப்பது, மீசை வேண்டுமா வேண்டாமா, சேட் என்ன நிறம் என்று அவர்கள் ஸ்ரூடியோ மேசையில் குந்தியிருந்து கதைக்கிற அந்த அரை மணித்தியாலம் சிரிப்புக்குரியதில்லை.

போனவரின் உருவத்தைச் செய்வது துயரத்தை ஆற்றும் என்று பலர் சொல்லுகிறார்கள். ஆற்றுவது எது, செய்து முடித்த படமா, செய்கிற வேலையா? இந்தக் கேள்வியோடு நாங்கள் வாசிக்கத் தொடங்கினபோது திரும்பத் திரும்ப வந்து நின்ற பெயர் கேத்தே கொல்விற்ஸ்.

1867இல் பிறந்த ஜேர்மன் ஓவியர். பேர்லினில் தொழிலாளர் நெருக்கமாக வாழ்ந்த பகுதியொன்றில் அவரின் கணவர் கார்ள் வைத்தியராக இருந்தார். கணவரிடம் மருந்துக்கு வந்த ஏழைப் பெண்களின் முகங்களைத்தான் கேத்தே வரைந்தார். 1903இல் அவர் செய்த ஒரு செதுக்கோவியத்தில், செத்த பிள்ளையை ஒரு தாய் மிருகம் மாதிரிக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிறாள். அதற்கு மாதிரியாக இருந்தது அவருடைய இளைய மகன் பீற்றர், அப்போது ஏழு வயது. பிள்ளையை மடியில் கிடத்திக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் இருந்து தன்னையும் மகனையும் பார்த்துப் பார்த்து வரைந்திருக்கிறார்.

பதினொரு வருடம் கழித்து, 1914 ஓகஸ்டில் போர் தொடங்கியது. 18 வயதுப் பீற்றர் தொண்டராகச் சேரத் துடித்தான். வயது காணாது, தகப்பனின் அனுமதி வேண்டும். கார்ளுக்கு விருப்பமில்லை. கணவரை இணங்க வைத்தது கேத்தேதான். அந்த ஓகஸ்டில் ஜேர்மனி முழுக்கக் கொடியும் பூவும் பாட்டுமாக இருந்தது, அதில் அவரும் அள்ளுப்பட்டுப் போனார் என்றுதான் சொல்லவேண்டும். ஒக்டோபரில் பெல்ஜியத்துக்குப் போன பீற்றர், அந்த மாதம் முடிய முன்னமே சுடப்பட்டுச் செத்தான்.

இந்த இடத்தை எங்களால் லேசாக வாசித்துவிட்டுப் போக முடியவில்லை. விரும்பிப் போன பிள்ளைகளும் இழுத்துக்கொண்டு போகப்பட்ட பிள்ளைகளும் எங்கட வீடுகளிலும் உண்டு. “நான் மறிச்சிருக்கலாம்” என்ற ஒற்றை வசனத்தோடு இத்தனை வருடமாக இருக்கிற தாய்மாரை எங்களுக்குத் தெரியும்.

அந்த டிசெம்பரிலேயே கேத்தே மகனுக்கு ஒரு நினைவுச் சிற்பம் செய்ய முடிவெடுத்தார். முதலில் அவர் நினைத்த அமைப்பு: பீற்றர் நீட்டி நிமிர்ந்து கிடக்கிறான், தலைமாட்டில் தகப்பன், கால்மாட்டில் தாய். களிமண்ணில் மகனின் முகத்தைச் செய்தார், அழித்தார், திரும்பச் செய்தார். வேலை செய்யும் நேரத்தில் மகன் கிட்ட இருக்கிறான் என்று சில நாட்களில் நாட்குறிப்பில் எழுதுகிறார். வேறு நாட்களில் ஒன்றுமே இல்லை. 1916இல் ஒரு குறிப்பில், இப்படி நூறு படம் வரைந்தாலும் அவனுக்குக் கிட்டப் போக முடியாது போலிருக்கிறது, ஆனாலும் அவனை இந்த வேலைக்குள்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் போலவும் இருக்கிறது என்ற கருத்துப்பட எழுதியிருக்கிறார். துயரத்துக்குக் கலை மருந்து என்று லேசாகச் சொல்லுகிறவர்கள் இந்தக் குறிப்பையும் வாசிக்க வேணும்.

1919இல் வேலையைக் கைவிட்டார். அதே வருடம்தான் பிரஷ்ய கலைக் கழகத்துக்குத் தெரிவான முதல் பெண் என்ற பெருமை அவருக்குக் கிடைத்தது. பேர் வந்தது, சிற்பம் வரவில்லை. இடையில் மரச்செதுக்கில் ‘போர்’ என்ற தொடரைச் செய்தார். அதில் ஒரு படத்தில் தாயும் தகப்பனும் ஒருவரில் ஒருவர் முகம் புதைத்து ஒரே கறுப்புக் குவியலாக இருக்கிறார்கள், முகமே தெரியாது. 1920களின் நடுப்பகுதியில் சிற்பத்தைத் திரும்பத் தொட்டார். 1926 ஜூனில் கணவரோடு பெல்ஜியத்துக்குப் போய் மகனின் புதைகுழியை முதன்முறையாகப் பார்த்தார். சின்னச் சிலுவைகள் நிறைந்த ஒரு மயானம்.

கடைசியில் வந்த சிற்பத்தில் பீற்றர் இல்லை.

பதினாறு, பதினேழு வருடமாக மகனின் உருவத்தைத் தேடிச் செய்துகொண்டிருந்தவர், மகனை எடுத்துவிட்டார். முழங்காலில் இருக்கிற தகப்பனும் தாயும் மட்டும், தனித்தனிப் பீடங்களில். தகப்பன் நிமிர்ந்து, இரண்டு கையாலும் தன்னையே இறுக்கிக்கொண்டிருக்கிறார். தாய் முன்னுக்கு வளைந்து கும்பிட்ட மாதிரி இருக்கிறாள். தகப்பனின் முகம் கார்ளுடையது, தாயின் முகம் கேத்தேயினுடையது. இரண்டும் கருங்கல்லில் செதுக்கப்பட்டு 1932 ஜூலையில் அந்த மயானத்தில் வைக்கப்பட்டன. பிறகு புதைகுழிகளை விளாட்ஸ்லோ என்ற இடத்துக்கு மாற்றினபோது சிற்பங்களும் கூடவே போயின. 25 ஆயிரத்துக்கும் மேற்பட்ட படையினர் புதைக்கப்பட்டிருக்கிற அந்த மயானத்தில், பீற்றரின் பெயர் பதித்த கல் தகப்பன் சிலையின் பார்வைக்கு முன்னால் கிடக்கிறது.

மகனின் முகம் சரிவராததால் எடுத்தாரா, அல்லது அது எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்குமான இடமாக வேண்டும் என்று எடுத்தாரா என்று எங்களுக்குள் பெரிய வாக்குவாதம் நடந்தது. இரண்டும் இருக்கலாம். எங்களுக்குப் பட்டது இதுதான்: மகனைச் செய்யப் புறப்பட்டவர், கடைசியில் தன்னுடைய துயரத்தின் உருவத்தைத்தான் செய்திருக்கிறார். செத்தவனுக்கு 18 வயது, அவனுக்கு அதற்குப் பிறகு வயது போகாது. கிழவியாகிக்கொண்டு வந்தது அவர்தான். சிற்பம் வைக்கப்பட்ட நாட்களில் அந்தத் தாய் உருவத்தின் முன்னால் போய் நின்று, தன்னுடைய முகத்தையே பார்த்து அழுது, அதன் கன்னத்தைத் தடவினதாக எழுதியிருக்கிறார். கார்ள் பின்னால் நின்றிருக்கிறார். தன்னைத் தானே தேற்றுகிறதுக்குப் பதினெட்டு வருடம் எடுத்திருக்கிறது. (அதோடு முடிந்ததா என்றால் இல்லை. அடுத்த வருடம் நாசிகள் அவரைக் கலைக் கழகத்திலிருந்து வெளியேற்றினார்கள். பீற்றர் என்றே பெயர் வைத்த பேரனும் 1942இல் ரஷ்யப் போர்முனையில் செத்தான்.)

கேத்தேக்கு இருந்த மூன்று விசயத்தை நாங்கள் கணக்கில் எடுக்க வேணும். மகன் செத்தான் என்ற செய்தி வந்தது. புதைத்த இடம் தெரிந்தது. அங்கே போகவும், கல் வைக்கவும் விட்டார்கள். எங்கட பக்கத்தில் கோப்பாய்த் துயிலுமில்லம் இடிக்கப்பட்டு, அந்த இடத்தில் இராணுவ முகாம் வந்தது. மற்றவர்களுக்குப் புதைத்த இடமே தெரியாது. அதைவிட, செத்தார்களா என்பதே தெரியாது.

செத்தாரா என்று தெரியாத ஆளின் படத்துக்கு மாலை போடுவதா?

2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அதே மாதம் வவுனியாவிலும் தொடங்கியது. கொட்டகைகளில் வரிசையாகப் படங்கள். அவற்றில் மாலை இல்லை. அடையாள அட்டைப் படம், கலியாணப் படம், பள்ளிச் சீருடைப் படம். மாலை போட்டால் ஒத்துக்கொண்டதாகிவிடும். அரசு மரணச் சான்றிதழ் எடுக்கச் சொன்னபோது பலர் மறுத்ததும் அதனால்தான். பிறகு 2016இல், ஆள் காணாமல் இருக்கிறார் என்பதை மட்டும் உறுதிப்படுத்துகிற ஒரு சான்றிதழுக்கும் சட்டம் கொண்டுவந்தார்கள். அதையும் ஏற்காதவர்கள் இருக்கிறார்கள். கொட்டகையில் இருந்த தாய் தகப்பனில் பலர் பிள்ளை வரும் முன்னமே போய்விட்டினம். அவர்களுடைய படங்களுக்கு மட்டும் மாலை போட்டாச்சு.

உருவம் செய்வது செத்தவர்களுக்கு மட்டும் உரிய காரியம் இல்லை என்பதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. ரோமானிய எழுத்தாளர் பிளினி தன்னுடைய ‘இயற்கை வரலாறு’ நூலில் சொல்லுகிறார்: கொரிந்து நகரக் குயவன் ஒருவனின் மகள், தூர தேசம் போகப்போகிற காதலனின் நிழல் விளக்கொளியில் சுவரில் விழ, அந்த நிழலைச் சுற்றிக் கோடு இழுத்தாள். தகப்பன் அந்தக் கோட்டுக்குள் களிமண் அப்பி, சுட்டு எடுத்தான். களிமண்ணில் உருவம் செய்யும் கலை இப்படித்தான் தொடங்கியதாம். கதை உண்மையோ பொய்யோ, அந்தப் பெடியன் சாகவில்லை. போகிறான், அவ்வளவுதான். வருவானா என்று அவளுக்குத் தெரியாது.

அதே கோட்டை 1983 செப்ரெம்பர் 21ஆம் திகதி ஆர்ஜென்ரீனாவின் தலைநகரில் ஆயிரக்கணக்கானவர்கள் இழுத்தார்கள். இராணுவ ஆட்சியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 1977இலிருந்து மே சதுக்கத்தில் கூடி வந்தவர்கள். பிள்ளைகளின் படங்களைத் தூக்கிக்கொண்டு நின்றவர்கள். அந்த வருடம் மூன்று ஓவியர்கள் தாய்மாரிடம் ஒரு யோசனையோடு வந்தார்கள்: காணாமல் போன ஒவ்வொருவருக்கும் ஆள் அளவில் ஒரு உருவக் கோடு. சதுக்கத்தில் கடதாசியை விரித்து, வந்த சனத்தில் ஒருவர் அதில் படுக்க, இன்னொருவர் சுற்றிக் கோடு போட்டார். இல்லாதவருக்கு உயிரோடு இருக்கிறவர் தன்னுடைய உடம்பை இரவல் கொடுத்தார். அந்த உருவங்களை நிலத்தில் விடவில்லை, சுவர்களில் நிமிர்த்தி ஒட்டினார்கள். நிலத்தில் கிடந்தால் பிணமாகத் தெரியும் என்பதால் தாய்மார் அதை விரும்பவில்லை. முகமும் பெயரும் இல்லாமல் செய்யத்தான் திட்டம், ஆனால் வந்தவர்கள் தாங்களாகவே பெயரும் திகதியும் எழுதத் தொடங்கிவிட்டார்கள்.

இதை வாசித்த பிறகு, எங்களில் ஒரு நண்பர் காணாமல் போன தன்னுடைய மாமாவை வரைந்து பார்க்கிறேன் என்று தொடங்கினார். அவரிடம் இருப்பது ஒரேயொரு பாஸ்போட் அளவுப் படம், அதுவும் தண்ணி பட்டு ஒரு பக்கம் வெளிறினது. வெளிறின பக்கத்தை அம்மம்மாவிடம் கேட்டுக் கேட்டுத்தான் போட வேண்டியிருந்தது. வீட்டில் அதுவரை மாமாவைப் பற்றி யாரும் பெரிதாகக் கதைப்பதில்லை, கதைத்தால் அம்மம்மாவுக்குப் பிரஷர் ஏறும் என்று ஒரு பயம். முதல்நாள் அவர் படத்தைப் பார்த்துவிட்டு, “காது இப்பிடியில்லை, கொஞ்சம் வெளிய தள்ளினது. அதால பள்ளிக்கூடத்தில அடிபட்டிருக்கிறான்” என்றார். பிறகு அந்த அடிபாட்டுக் கதை வந்தது, அதற்குள்ளால் ஒரு சைக்கிள் கதை, ஒரு நாய்க்குட்டிக் கதை. நண்பருக்கு மாமாவின் குரல் எப்படி என்று முதன்முறையாகத் தெரியவந்தது அன்றைக்குத்தான். அம்மம்மா அழுதார். அழுதுபோட்டு, தேத்தண்ணி வைத்துக்கொண்டு வந்து திரும்பக் கிட்ட இருந்தார்.

படம் இன்னும் முடியவில்லை. காது மூன்று தரம் மாறிவிட்டது. இப்போது அம்மம்மா கேட்கிறது வேறொன்று: அவனுக்கு இப்ப நாற்பத்தாறு வயது, தலைமயிர் கொஞ்சம் நரைச்சிருக்கும், அப்பிடியும் ஒன்று கீறித் தரமாட்டியோ?